இரண்டு போத்தலுக்கு நடுவே ஒரு குழாய்

என் மகனுக்கு ஸலாம்.

நீ போனதிலிருந்து நம் வீட்டுப் பிரிட்ஜின் கதவுத் தட்டு வெறுமையாகக் கிடக்கிறது. உன் சோடாப் போத்தல்கள் வரிசையாக நின்ற இடத்தில் இப்போது வாப்பாவின் கண்சொட்டு மருந்தும், பாதி தீர்ந்த கசகசாப் பக்கற்றும் இருக்கின்றன. கதவை மூடும்போது போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டுமே, அந்தச் சத்தம் இல்லாததால் கதவு சரியாக மூடவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இரண்டாம் தடவையும் தள்ளிப் பார்க்கிறேன். "கதவுல ஒரு குறையும் இல்ல புள்ள" என்று வாப்பா சிரிக்கிறார். அவர் மட்டும் என்னவாம்? நீ வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வாசல் விளக்கைப் போடுகிறவர் அவர்தான். போட்டுவிட்டு ஞாபகம் வந்து அணைக்கிறார்.

தொலைபேசியில் இதையெல்லாம் கதைக்க முடிவதில்லை. நீ "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்கிறாய். பின்னால் உழவு மெசின் சத்தம் கேட்கிறது. யாரோ உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். நான் "சரி மகன், போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாயை விட எழுத்துத்தான் சொன்னபடி கேட்கும். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுவார்கள், நான் நூலக அறைக்கு ஓடுவேன். சீனி சுற்றி வந்த கடதாசியைக்கூட விரித்து வாசிக்காமல் எறிந்ததில்லை. அந்தப் பிள்ளை இன்னும் எனக்குள் இருக்கிறாள். அவள்தான் இதை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள். ஆறுதலாக வாசி.

மற்ற ஊர்களில் கலியாணம் முடிந்து மகள் அழுதுகொண்டு போவாளாம். கதைகளில் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். நம் பக்கத்தில் பெண்பிள்ளை தன் வீட்டிலேயே இருப்பாள், ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். உன் வாப்பா அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். ஒரு சூட்கேஸ், ஒரு சைக்கிள், சைக்கிள் திருத்தும் சாமான் போட்ட ஒரு தகரப் பெட்டி. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அவர் எழும்பி வந்த வீட்டில் அன்று பின்னேரம் எந்தக் கதவுத் தட்டு வெறுமையாகக் கிடந்தது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது.

சரி, சோடாவுக்கு வருகிறேன். உனக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிராத வயது. பெருநாளன்று வாப்பா பஸாரிலிருந்து பெரிய சோடாப் போத்தல் ஒன்று வாங்கி வருவார். வருடத்துக்கு இரண்டு பெருநாள், இரண்டு போத்தல், அவ்வளவுதான். அவர் கிளாஸ்களை நிலத்தில் வரிசையாக வைத்து, குனிந்து, கண்ணைக் கிளாஸ் மட்டத்துக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஊற்றுவார். பெருநாளுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் மடமடவென்று குடித்துவிட்டு மூக்கைச் சுளிப்பார்கள். நீ குடிக்க மாட்டாய். கிளாஸைக் காதோடு வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாய். "என்னடா, குடியேன்" என்றால், "கொஞ்சம் பொறுங்க உம்மா, கதைக்குது" என்பாய். கதைத்து முடிந்து, காஸ் எல்லாம் போய், வெறும் சீனித் தண்ணியான பிறகுதான் குடிப்பாய். அதைப் பார்த்து நான் கவலைப்பட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு ருசி போய்ச் சேரவில்லையே என்று. உனக்குச் சத்தம்தான் ருசி என்று விளங்க எனக்குப் பல வருடம் சென்றது.

பிறகு சாமான் விலை எல்லாம் ஏறிய அந்தக் காலம் வந்தது. சோடா என்பது கடைக் கண்ணாடிக்குள் பார்க்கிற சாமான் ஆகிவிட்டது. அப்போது நீ கல்முனை பஸாரில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். நோன்பு மாதம் வந்தது. முதல் நாள் மஃரிப் பாங்குக்கு முன் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தபடி வாப்பா, "தொண்டையில 'கிர்' எண்டு இறங்க ஒரு மிடறு இருந்தா..." என்று சொல்லிவிட்டு, சொன்னதுக்கு வெட்கப்பட்டவர் போல வேறு கதை எடுத்தார். நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. தேசிக்காய் பிழிந்த புளித் தண்ணிக்குள் அப்பச்சோடாவைப் போட்டுக் கலக்கி அவர் முன்னால் வைத்தாய். நுரை நன்றாகத்தான் வந்தது. வாப்பா ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி, விழுங்கி, "நல்லா இரிக்கி மகன். வயித்து வலிக்கும் கேட்கும் போல" என்றார். அவ்வளவு உப்புக் கரிப்பு. நாம் எல்லோரும் சிரித்த சிரிப்பில் நீயும் சிரித்தாய், ஆனால் விட்டுவிடவில்லை.

நானும் விடவில்லை. பழைய புத்தகக் கட்டில் வீட்டுச் சமையல் பற்றிய அட்டை கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. அதிலே இஞ்சிச் சோடா செய்யும் முறை கிடந்தது. இஞ்சியைத் துருவிச் சீனியோடு காய்ச்சி, ஆறவைத்து, தேசிக்காய் பிழிந்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, போத்தலில் கழுத்து மட்டும் விட்டு மூடி வைத்தால், அது தானாகவே காஸ் ஏற்றிக்கொள்ளும். விரலால் அமுக்கிப் பார்த்துப் போத்தல் இறுகியதும் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்ப் போய் வந்த நாட்கள் அவை. பிரிட்ஜ் அலுமாரியாகிவிட்டது. நீ கடற்கரைக்குப் போய் மீனுக்குப் போடும் ஐஸ் ஒரு கட்டி வாங்கி, மீன் அடைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் போத்தல்களைச் சுற்றி உடைத்துப் போட்டாய். பெட்டியைத் திறந்தால் சூடை மீன் மணம், போத்தலைத் திறந்தால் இஞ்சி மணம். அன்று வாப்பா பேரீச்சம்பழத்தைக் கடித்து, ஒரு மிடறு குடித்து, தொண்டையைத் தடவிக்கொண்டு "ம்..." என்றார். உனக்கு அது போதுமாயிருந்தது.

அதற்குப் பிறகு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நம் சோடா போனது. பிள்ளைகள் வெறும் போத்தலைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "சோடா நானா இரிக்காரா?" என்று உன்னைக் கேட்டு வருவார்கள். நமக்கு ஒருநாளும் ஒரு கேள்வியும் வரவில்லை. ஈஸ்ட் என்றால் பாணுக்குப் போடுவதுதானே, நம் தெருப் பேக்கரியில் ஐந்து வேளை தொழுகிற மனிசன்தானே அதைப் போட்டுப் பாண் சுடுகிறார் என்ற நினைப்பு. புத்தகத்தில் இருக்கிறதை இருக்கிறபடி செய்தால் பிழை வராது என்ற நினைப்பு எனக்கு. அந்தப் புத்தகத்தை எழுதியவர் நம்மைப் போன்ற வீட்டுக்காக எழுதவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

அப்படியிருக்கத்தான் வரிப்பத்தான்சேனையிலிருந்து உன்னைக் கேட்டு வந்தார்கள். பிள்ளை ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள், தகப்பன் இல்லை, உம்மாவின் காக்கா, அவளுக்குத் தாய்மாமன், அவர்தான் எல்லாம் பார்க்கிறார், வயல் செய்கிறவர், ஹாஜியார் என்று தரகர் சொன்னார். படத்தை உன்னிடம் நீட்டினேன். நீ பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாய். ஆனால் அன்றைக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்து குடித்தாய். எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் வருகிற அன்று வட்டிலப்பம் அவித்தேன், பற்றிஸ் பொரித்தேன். குடிக்கக் கொடுக்க உன் இஞ்சிச் சோடாவை விட என்ன இருக்கிறது? நானே தட்டில் கிளாஸ்களை அடுக்கினேன்.

நீ போத்தலைத் திறந்ததும் அது 'உஸ்ஸ்' என்று சீறி, நுரை பொங்கித் தட்டெல்லாம் ஓடியது. ஹாஜியார் கிளாஸைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"கடைச் சோடாவா மகன்?"

"இல்ல மாமா, நாங்களே செஞ்ச."

"ஆ! மெசின் வாங்கி வெச்சிரிக்கீங்களோ?"

"மெசின் ஒண்டும் இல்ல மாமா. ஈஸ்ட் போட்டு மூடி வெச்சா அதுவே காஸ் ஏறும்."

வாய்க்குப் போன கிளாஸ் பாதி வழியில் நின்றது. கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்தக் கை நின்ற இடம் இன்றைக்கும் தெரிகிறது.

"பாணுக்குப் போடுற ஈஸ்ட்தான் மச்சான்" என்றார் வாப்பா அவசரமாக.

"பாணப் போறணையில வேக வைக்கிற மச்சான். இது மூடிக்குள்ள புளிக்கில்லா கிடக்கி. புளிச்சா வெறி வருமோ என்னமோ."

அதற்குள் அவரோடு வந்திருந்த பெண்ணின் உம்மா பாதிக் கிளாஸ் குடித்திருந்தார். "காக்கா, நான் பாதியக் குடிச்சிட்டனே" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னார். "தெரியாமக் குடிச்சதுக்கு ஒண்டுமில்ல. மிச்சத்த வை" என்றார் ஹாஜியார். பிறகு தன் கிளாஸைச் சத்தம் வராமல் மேசையில் வைத்து, உன்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "ஹராம் எண்டு நான் சொல்லல்ல மகன். எனக்குத் தெரியா. தெரியாதத்த நான் குடிக்கிறல்ல, அவ்வளவுதான். கொஞ்சம் பச்சத்தண்ணி தாங்க." தண்ணியைக் குடித்தார், வட்டிலப்பத்தைப் புகழ்ந்தார், எழும்பினார். வாசலில் வாப்பாவின் கையைப் பிடித்து, "மறுகா கதைப்பம் மச்சான்" என்றார். நம் பக்கத்தில் 'பிறகு' என்கிற அந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தமும் இருக்கலாம் என்று உனக்கும் தெரியும்.

நாள் போனது, பதில் இல்லை. தரகர் நம் தெருவால் வருவதைக் குறைத்துக்கொண்டார். உன் கடைப் பொடியன்கள் எப்படியோ கேள்விப்பட்டு, "மச்சான், எனக்கொரு கிளாஸ் ஊத்தேன். ஐஸ் போடாம" என்று நக்கலடித்தார்களாம். நீ சிரித்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தாய். எனக்கு நெருப்பாக எரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். புத்தகங்களைக் கட்டுக் கட்டாக எடுத்தேன். பள்ளிவாசல் மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். அவர் சொன்ன பதில் நீளமானது. இப்படியும் சொன்னவர்கள் உண்டு, அப்படியும் சொன்னவர்கள் உண்டு, சந்தேகமானதை விடுவது நல்லது என்று முடிந்தது. நான் அந்தக் கடைசித் துண்டை விட்டுவிட்டு, நமக்குச் சாதகமான துண்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டேன். பக்கங்களுக்கு நடுவே கடதாசித் துண்டு வைத்து அடையாளம் போட்டு, "வாப்பாவோட வரிப்பத்தான்சேனைக்குப் போய் எல்லாத்தையும் அவருக்கு வாசிச்சுக் காட்டுறன்" என்று புறப்படவே ஆயத்தமாகிவிட்டேன்.

நீ என் கையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கி மேசையில் வைத்தாய். "உம்மா, நாம வெல்லுறதுக்கா சோடா செஞ்ச? குடிக்கிறதுக்குத்தானே" என்றாய். "அவர் கேட்டது சரிதான். எனக்கும் தெரியாது. நான் யோசிக்கவே இல்ல." பிறகு பிரிட்ஜிலிருந்த போத்தல் எல்லாவற்றையும் பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னம்பிள்ளையின் அடியில் ஊற்றினாய். அடுத்த நாள் காலையில் எறும்பு சாரி சாரியாக வந்திருந்தது. நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊற்றும்போதுகூட நீ தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாய்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்த நாட்களைத்தான் நான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கலியாணம் வருமா வராதா என்று தெரியாத நாட்கள், ஆனாலும் அவ்வளவு சந்தோஷமான நாட்கள். காஸ் வேண்டும், ஆனால் குடிக்கிற தண்ணிக்குள் எதுவும் புளிக்கக் கூடாது, உப்பும் கரிக்கக் கூடாது. "அப்ப காஸ ஒரு போத்தல்ல செஞ்சு மத்தப் போத்தலுக்கு அனுப்புவம்" என்றாய். பழைய தேசிக்காய்-அப்பச்சோடா யோசனைதான், ஆனால் வேறு போத்தலில். அது வரைக்கும் ஒதுங்கி இருந்த வாப்பா அப்போதுதான் கிட்ட வந்தார். "காத்து அனுப்புற வேலைதானே? அது என்ட வேலை" என்றார். தன் தகரப் பெட்டியைத் திறந்து சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிக்கும் பித்தளை வால்கட்டை இரண்டை எடுத்து, புளித் தண்ணியில் ஊறவைத்து, பொன் மாதிரி மினுக்கினார். சோடாப் போத்தல் மூடிகளில் துளை போட்டு, வால்கட்டையைச் செருகி, றப்பர் வட்டம் வெட்டி வைத்து, நட்டு இறுக்கினார். இரண்டு மூடிக்கும் நடுவே, மீன் தொட்டிக்குக் காற்றுப் போடும் மெல்லிய புதுக் குழாய். தண்ணிப் போத்தல் பக்கத்து வால்கட்டைக்குள் மட்டும் சின்ன றப்பரைப் போட்டார். "டியூபுக்குள்ள போன காத்து திரும்பி வருமா? வராது. அதே கணக்குத்தான்" என்றார். இரண்டு பேரும் நிலத்தில் முழங்கால் குத்தி, தலைக்குத் தலை முட்ட இருந்தீர்கள். உங்கள் இரண்டு பேரின் பின்னங்கழுத்தும் ஒரே மாதிரி என்று அன்றுதான் கண்டேன்.

முதல் போத்தல் தோல்வி. தண்ணி குளிராயிருக்கவில்லை, காஸ் தண்ணிக்குள் தங்கவில்லை. அடுத்த தடவை தேசிக்காய்த் தண்ணி குழாயால் ஏறி மறுபக்கம் போய்விட்டது. ஊறுகாய்ப் போத்தல் கழுவின தண்ணி மாதிரி இருந்தது. வாப்பா அதையும் "நல்லா இரிக்கி" என்று குடிக்கப் பார்த்தார், நான் பறித்து ஊற்றினேன். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. உன் மனைவிக்குச் சொல்லிக் கொடுக்க உதவும் என்பதால் எழுதுகிறேன். வாடிய மஞ்சள் தேசிக்காயைப் பின்னேரம் சந்தை கலையும்போது கும்பலாக வாங்கு, காஸுக்கு அழகான காய் தேவையில்லை. தேசிக்காய்த் தண்ணியைப் பாதிப் போத்தலுக்கு மேல் விடாதே. அப்பச்சோடாவை மெல்லிய கடதாசியில் சுருட்டிப் போட்டால் மூடியை இறுக்க நேரம் கிடைக்கும். மறுபக்கம் நன்றாகக் குளிர்ந்த தண்ணி, மேலே கொஞ்சம் இடம், மூடுவதற்கு முன் போத்தலை நசுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடு. காஸ் ஏற ஏற நசுங்கிய போத்தல் நிமிரும், அப்போது தண்ணிப் போத்தலைக் குலுக்கு. சோடா வந்த தடித்த பிளாஸ்டிக் போத்தலை விட்டு வேறு எதையும் பாவிக்காதே. கண்ணாடி கூடவே கூடாது, வெடித்தால் கண் போகும். இஞ்சியும் சீனியும் காய்ச்சிய பாணியைக் கடைசியில் கிளாஸில் ஊற்று. போத்தல் கல்லாக இறுகியிருந்தால் மூடியை ஒரேயடியாகத் திருகாதே. கொஞ்சம் திருகி, சீறவிட்டு, பொறுத்து, பிறகு கொஞ்சம். நான் போத்தலைப் பற்றித்தான் சொல்கிறேன், ஆனால் வேறு இடங்களுக்கும் அது ஆகும்.

ஒருநாள் அஸர் தொழுகை முடிந்த நேரம். நீ பின் விறாந்தையில் முழங்கை மட்டும் ஈரமாக, போத்தலைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். முன்வாசலில் ஸலாம் சொல்லும் சத்தம். ஹாஜியார், தனியாக, கையில் ஒரு சின்ன அரிசி மூட்டையோடு. வேண்டாம் என்று நேரில் சொல்லத்தான் வந்திருக்கிறார், வெறுங்கையோடு சொல்ல மனம் வராமல் அரிசியும் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாப்பா அவரை முன் அறையில் இருத்தப் பார்த்தார். அவர் "பொடியன் எங்க?" என்று கேட்டுக்கொண்டு நேரே பின்பக்கம் நடந்தார்.

குழாயையும் போத்தல்களையும் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "என்ன மகன் இது, ஆசுபத்திரி மாதிரி? ஆருக்குச் சேலைன் ஏத்துற?"

நீ பதறி எழும்பினாய். "சோடா மாமா. இந்தப் போத்தலுக்குள்ள தேசிக்காத் தண்ணியும் அப்பச்சோடாவும். அதுல வாற காஸ் மட்டும் குழாயால இஞ்சால வரும். இஞ்சால வெறும் தண்ணிதான்."

"ஈஸ்ட்?"

"இல்ல மாமா."

"அண்டையான் சோடாவ என்ன செஞ்ச?"

"ஊத்திட்டன்."

"ஆரும் ஊத்தச் சொன்னதோ?"

"இல்ல மாமா. நீங்க சொன்ன மாதிரி எனக்கும் தெரியா. அதான்."

அவர் குந்தி இருந்து குழாயைத் தடவிப் பார்த்தார், வால்கட்டையைப் பார்த்து வாப்பாவைப் பார்த்தார். "இது உங்கட கைவேலை மச்சான், கேக்கத் தேவல்ல." பிறகு கையை நீட்டினார். "தா பாப்பம்." நீ இஞ்சிப் பாணி விட்டு, மூடியை மெல்லத் திருகி, சீறவிட்டு, ஊற்றினாய். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரே மூச்சில் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு அவரிடமிருந்து ஒரு ஏப்பம் வந்தது பார், வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற கோழி ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், கண்ணில் தண்ணியோடு.

"இப்ப ஒண்டு சொல்றன் மச்சான்" என்று வாப்பாவிடம் திரும்பினார். "அண்டைக்கு வீட்ட போய் நடந்தத்தச் சொன்னன். எங்கட புள்ள கேட்டு முடிச்சிட்டு ஒரு கேள்விதான் கேட்டா. 'அவர் கோவிச்சுக்கிட்டு இரிக்காரா, வேற வழி தேடுறாரா? அதப் பாத்துட்டு வாங்க மாமா, மறுகா நான் சொல்றன்' எண்டா. உடன வந்தா தெரியாதாம், கொஞ்ச நாள் விட்டுத்தான் பாக்கோணுமாம். எனக்கும் வயல்ல நெல்லு வெட்டு. வெட்டு மெசின் இண்டைக்குத்தான் வயல விட்டு ஏறினது." உன் ஈரக் கையைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "பாத்துட்டன். இன்னொரு போத்தல் செஞ்சு தா மகன். அவக்குக் கொண்டு போகோணும்."

நான் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன். சந்தோஷம் பாதி. மற்றப் பாதி நீ இந்த வீட்டை விட்டுப் போகப் போகிறாய் என்பது, அதை அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. நான் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வாதாடப் போயிருந்தால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்ன பதில் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மகன், அவள் உன்னிடம் கேட்டது அவ்வளவுதான். சீதனம், சம்பளம் எல்லாம் பெரியவர்கள் கதைத்தது. அவள் கேட்டது அது ஒன்றுதான். அதை மறந்துவிடாதே. நாளைக்கு அவள் ஏதாவது ஒரு கிளாஸைக் குடிக்காமல் மேசையில் வைப்பாள். எல்லா வீட்டிலும் அது நடக்கும். அன்றைக்கு உன் முகம் சுருங்கும், எனக்குத் தெரியும், அது என் முகம். சுருங்கட்டும். ஆனால் அடுத்த நாள் காலையில் பின்வளவுக்குப் போ. அவளுக்கும் இதையே சொல்லு, நீ வைக்கிற கிளாஸும் இருக்கும்.

கலியாணக் காவின் எழுதி, மாப்பிள்ளை ஊர்வலம் போய், உன்னை அங்கே விட்டுவிட்டு நாங்கள் வாடகை வான் ஒன்றில் திரும்பினோம். வழியெல்லாம் வயல், இருட்டத் தொடங்கிய நேரம். வாப்பா உன் பெட்டியில் புது மூடி இரண்டை, மினுக்கிய வால்கட்டையோடு, ஒரு சால்வைக்குள் சுற்றி வைத்ததாக அப்போதுதான் சொன்னார். "அங்கத்தக் கிணத்துத் தண்ணி இனிப்பு. நம்மட தண்ணி மாதிரி உவர் இல்ல. சோடா இதவிட நல்லா வரும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய மூடியும் குழாயும் இங்கேதான் இருக்கின்றன. நோன்பு பிறக்க இருக்கிறது. நீ முதல் நோன்பை அங்கே துறப்பாய், அதுதான் முறை. நேற்று நான் தனியாக ஒரு போத்தல் நிரப்பினேன். தேசிக்காய் பிழிந்தேன், கடதாசி சுருட்டினேன், குலுக்கினேன், எல்லாம் நீ செய்தபடி. ஆனால் போதுமா என்று தெரியவில்லை. நீ பெருவிரலால் அமுக்கி, தலையைச் சாய்த்து, "ம், சரி" என்பாயே, அந்த அமுக்கு எனக்கு வரவில்லை. வாப்பாவிடம் கொடுத்தேன். அவர் சைக்கிள் டயரை அமுக்குவது மாதிரி அமுக்கி, "இன்னம் கொஞ்சம் அடிக்கலாம்" என்றார். டயருக்கு அது சரி, சோடாவுக்குத் தெரியாது.

அதனால் திறக்காமல் பிரிட்ஜின் கதவுத் தட்டில் நிறுத்தியிருக்கிறேன். தனிப் போத்தல், முட்டிச் சத்தம் போட அதற்குத் துணையில்லை. வாப்பா இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். மூடி நல்ல மூடி, காஸ் போகாது. நோன்பில் ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு வா. வந்து நீ அமுக்கிப் பார், பிழை என்றால் சொல்லு, திரும்பச் செய்வோம். பாங்கு சொன்னதும் நீயே திற. நாங்கள் இரண்டு பேரும் குடிக்க மாட்டோம், உடனே குடிக்க மாட்டோம். கிளாஸைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்போம்.

உன் உம்மா